ஆளுநரின் படையும் எண்ணெய்க் கிணறும்



அமெரிக்காவில் நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் இருப்பது நமக்குத் தெரியும். மாநிலம் ஒவ்வொன்றுக்கும் தனி அரசியல் சட்டமும், தனிப் படையும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மிலிஷியா என்று தொடங்கிய அந்தப் படைதான் இன்றைய நேஷனல் கார்டு. அதன் தலைமைத் தளபதி மாநில ஆளுநர். (அங்கே ஆளுநர், நம் நாட்டைப் போல் டெல்லியிலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.)

1770 மார்ச் 5-ல் பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். அந்தக் கசப்பு ஆறாத தலைமுறைதான் இந்தச் சட்டங்களை எழுதியது. இராணுவம் எந்நிலையிலும் சிவில் அதிகாரத்துக்கு அடங்கியே இருக்க வேண்டும் என்று 1776-ல் வர்ஜீனியா எழுதியது. 1780-ல் மாசசூசெட்ஸ் எழுதியது. டெக்சாஸின் 1876-ம் வருடச் சட்டத்திலும் அது இருக்கிறது.

எழுதி வைத்தால் போதுமா? அதே டெக்சாஸில் நடந்ததை வியாபாரிகள் அவசியம் கேட்க வேண்டும்.

1931-ல் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய் பெருக்கெடுத்து, விலை அதல பாதாளத்துக்குப் போனது. உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்றது அரசு. சிறு முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் என்ன செய்தார்? நான்கு மாவட்டங்களில் கலகம் என்று அறிவித்து, இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்து, நேஷனல் கார்டை இறக்கிக் கிணறுகளை மூடினார். கோர்ட் தடை போட்ட பிறகும், படையை வைத்தே உற்பத்திக்கு வரம்பு கட்டினார். இந்த ஆளுநர், ஹம்பிள் என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்!

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1932 டிசம்பரில் தலைமை நீதிபதி ஹியூஸ் தீர்ப்புச் சொன்னார். அங்கே கலகமே நடக்கவில்லை. படையை அழைக்கும் உரிமை ஆளுநருக்கு உண்டு, ஆனால் அந்தப் படை பிறர் சொத்தில் கை வைத்தால் கோர்ட் கேள்வி கேட்கும் என்றார். ஆளுநர் தோற்றார்.

இளைஞர்களுக்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். 1875-ல் சிகாகோவில் ஜெர்மன் தொழிலாளர்கள் தாங்களாகவே ஓர் ஆயுதப் படை அமைத்தார்கள். வேலைநிறுத்தங்களில் அடிபட்டவர்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. 1879-ல் ஹெர்மன் பிரெஸ்ஸர் குதிரையில் வாளோடு முன்னே போக, சுமார் 400 பேர் துப்பாக்கியோடு ஊர்வலம் வந்தார்கள். ஆளுநரின் அனுமதி இல்லை. பத்து டாலர் அபராதம். 1886-ல் சுப்ரீம் கோர்ட்டும் அபராதம் சரியே என்றது: சட்டம் அமைத்தால்தான் மிலிஷியா, நாலு பேர் கூடி ஆயுதம் எடுத்து அணிவகுப்பதைத் தடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு.