ஓட்டு இருக்கு, வலு இருக்கா?



நம்ம கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். சர்வதேச நிதியத்தில் அப்படி இல்லை. பணத்துக்குத் தக்கபடி ஓட்டு. 1991-ல் நம்ம நாடு கடனுக்குப் போய் நின்றதே, அதே இடம்தான். அந்த வருஷ பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் 30-க்கு இறக்கினார்கள். நாம் மறக்கவில்லை.

அங்கே அமெரிக்காவுக்கு ஓட்டு சுமார் 16.5 சதவீதம். இந்தியாவுக்கு 2.6 சொச்சம். ஆறில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று தோணும். சூட்சுமம் வரம்பில் இருக்கு. நாடுகளின் பங்கை மாற்ற 85 சதவீத ஓட்டு வேண்டும். மற்ற எல்லா நாடும் ஒரே பக்கம் கை தூக்கினாலும் 83.5தான்! வளரும் நாடுகளின் பங்கை உயர்த்த 2010-ல் முடிவாச்சு. அமெரிக்க நாடாளுமன்றம் சம்மதிக்க 2015 டிசம்பர் ஆச்சு. அதுவரை உலகமே காத்துக் கிடந்தது.

சின்னவன் பாடு இன்னும் மோசம். 1958-ல் ஐரோப்பாவில் ஆறு நாடுகள் பொதுச் சந்தை ஆரம்பித்தன. பெரிய நாடுகள் மூன்றுக்குத் தலா 4 ஓட்டு, இரண்டுக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. வாக்கெடுப்பில் 12 கிடைத்தால் பாஸ். மற்றவர் ஓட்டெல்லாம் இரட்டைப்படை. கூட்டினால் 10 வரும், 12 வரும், 11 வரவே வராது. அப்புறம் அந்த ஒத்தை ஓட்டுக்கு என்ன வேலை? 1972 முடியும்வரை இதே கதிதான்.

நாளைக்கு நம்ம பாசன சங்கத்திலும் 'ஏக்கருக்கு ஒரு ஓட்டு' என்று யாராவது கிளம்பினால், தீர்மானம் பாஸாக எத்தனை ஓட்டு வேண்டும் என்று முதலில் கேட்போம். அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாதவரை கையெழுத்துப் போட மாட்டோம்.