ஹட்டன் ஸ்டேசனில் எடுத்த படம்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சைத் தலைவர் பேசுவார். நாங்கள் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த ஒரு படத்தைக் கொண்டு வந்திருக்கிறோம். கைமாற்றி அனுப்புகிறோம், ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள்.

1972இல் எடுத்தது. கோச்சிக்குள் இருப்பவர் எங்கள் சின்ன அப்பாயி, வெளியே நிற்பவர் அப்பாயி. கூடப்பிறந்தவர்கள். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் படம் எடுப்பவரைப் பார்க்கவில்லை. மடியில் இருக்கும் குழந்தை மட்டும் பார்க்கிறது. சின்ன அப்பாயி தோளில் கொழுந்துக் கம்பளி. மண்டபம் முகாம் வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்காதீர்கள். மலையில் பிறந்தவருக்கு அந்த வெயில் எப்படித் தெரியும்?

அந்தப் பயணம் பொல்காவலையில் வடக்குப் பாதைக்குத் திரும்பி, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் தாண்டித் தலைமன்னாருக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம்.

யார் கேட்டு அனுப்பினார்கள்? 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுப்பதுபோல நிறுத்தார்கள். எந்தப் பெரட்டிலும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சி புருசன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அக்கா புருசன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், குடும்பம் இரண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். படத்தில் போகிறவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. பிறந்த மண்ணில் நிற்கிறவரிடம் எந்த நாட்டுப் பத்திரமும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் செய்த வேலை அது. 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தப் பிரச்சினை இழுத்துக்கொண்டே இருந்தது. அப்பாயி அடையாள அட்டை எடுத்தபோது பேரப்பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம்.

சின்ன அப்பாயி நீலகிரியில் டேன்டீ தோட்டத்தில் பேர் பதிந்தார். கடல் தாண்டியும் அதே கூடை. நீலக் கடுதாசிகள் வந்தன. சில, தோட்டத்து ஆபீசிலேயே கிடந்து மாதம் கழித்துக் கைக்கு வந்தன. கடிதத்தை நேரே லயத்துக்குக் கொண்டு வா என்று சங்கம் இன்றும் கேட்பது சும்மா இல்லை. 1984இல் கப்பலும் நின்றது. அக்காவும் தங்கச்சியும் பிறகு பார்க்கவே இல்லை.

படத்தின் பின்பக்கம் யாரோ பென்சிலால் இரண்டு பெயரும் வருசமும் எழுதியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நாங்கள் இதைச் சொல்லியிருக்க முடியாது. உங்கள் பெட்டிகளிலும் படங்கள் இருக்கும். கூரை ஒழுகுகிறது, கறையான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். போனில் படம் பிடித்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவோம். வயசானவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். யார் யார் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். பழைய பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று சேமலாப நிதிக்கு அலைகிறவர்கள் முதலில் வரட்டும்.