கிளினிக் சுவரைப் பாருங்கள்



மலேசியாவின் பினாங்கில் உள்ள தண்ணீர்மலையில் காய்ச்சல், இருமல் என்றால் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குத்தான் போகிறோம். அடுத்த முறை போகும்போது சுவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் பதிவுச் சான்றிதழ், எல்லார் கண்ணிலும் படும்படி அங்கே இருக்க வேண்டும்.

தனியார் மருத்துவ நிலையங்களுக்கென்றே ஒரு சட்டம் உண்டு. 1998-இல் இயற்றப்பட்டு, 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பதிவு இல்லாமல் தனியார் கிளினிக் நடத்தக் கூடாது. நடத்தினால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. அமைச்சின் அதிகாரிகள் கிளினிக்குக்குள் வந்து சோதனை செய்யலாம். இடம், கருவிகள், பதிவேடுகள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

டாக்டருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. மலேசிய மருத்துவ மன்றம் தருவது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் சுத்தத்துக்கு 'ஏ' கிடைத்ததா, 'பி' கிடைத்ததா என்று சுவரைப் பார்க்கிறோம் அல்லவா? ஒரு வேளைச் சோற்றுக்கே பார்க்கிறோம். உடம்புக்குப் பார்க்க வேண்டாமா?

குறை இருந்தால் மனத்துக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். முதலில் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். நோயாளியின் புகாரைக் கேட்க அங்கே ஒரு வழி இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அங்கே தீராவிட்டால் மாநிலச் சுகாதார இலாகாவிடம் எழுதிக் கொடுங்கள்.

அதிகாரி என்றைக்கோ ஒரு நாள்தான் வருவார். நாம்தான் அடிக்கடி போகிறோம். ஆகவே சுவரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.