முள் காட்டிய கணக்கு



மண்ணையும் பாறையையும் வாரி லாரியில் கொட்டும் பெரிய இயந்திரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏட்டில் அதனை அகழ்பொறி என்று எழுதுகிறோம். ஊரிலோ அதற்குப் பொக்லைன் என்றே பெயர். பிரான்சு நாட்டில் அத்தகைய பொறிகளைச் செய்துவந்த ஒரு நிறுவனத்தின் பெயர், யார் செய்த பொறியானாலும் அதற்குரிய பொதுப்பெயராக நம்மிடையே நிலைத்துவிட்டது. அதன் இரும்புக் கையின் வலிமையை வியப்போர் பலர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, அதன் உடலுக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளைப் பற்றி.

எண்ணெயின் அழுத்தம், நீரின் சூடு, எஞ்சினின் வேகம், டீசலின் மட்டம் ஆகிய ஒவ்வொன்றையும் அறிந்து சொல்ல இக்காலத்து அகழ்பொறியில் ஓர் உணரி உண்டு. தான் அறிந்ததை அது மின்னழுத்தமாகக் கம்பி வழியே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. பெட்டிக்குக் கண் கிடையாது. கம்பியில் வந்து சேரும் வோல்ட்டே அதற்கு உலகம்.

அழுத்த உணரிகளில் பல, 5 வோல்ட் கொடுத்து இயக்கப்படுபவை. அழுத்தமே இல்லாத நிலைக்கு 0.5 வோல்ட் என்றும், உச்ச நிலைக்கு 4.5 வோல்ட் என்றும் பெரும்பாலும் வரையறுத்திருப்பார்கள். சுழியில் தொடங்கி ஐந்தில் முடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கம்பி அறுந்தாலோ, வேறொன்றோடு உரசி ஒட்டிக்கொண்டாலோ வோல்ட் சுழிக்கு இறங்கும், அல்லது ஐந்துக்கு ஏறும். அந்த இரண்டையும் மெய்யான அளவினின்றும் பிரித்தறியவே இருபுறமும் வரப்பு விட்டிருக்கிறார்கள். வரப்பைத் தாண்டினால் பெட்டி பிழைக்குறி காட்டும். கனரக வண்டிகளுக்கென வகுத்த ஜே1939 என்னும் முறையில், அளவுக்கு மேற்பட்ட வோல்ட்டுக்கு 3 என்றும், குறைந்த வோல்ட்டுக்கு 4 என்றும் எண். திரையில் ஓர் உணரியின் பெயரோடு 4 என்று தோன்றியவுடன் அந்த உணரியையே கழற்றி எறிபவர்கள் உண்டு. குறி சுட்டுவது உணரி, கம்பி, இணைப்பு, பெட்டி எல்லாம் சேர்ந்த ஒரு சுற்றை. மேலும், ஒரே 5 வோல்ட் கம்பியில் பல உணரிகள் தொங்குவதும் உண்டு. அவற்றுள் ஒன்று உள்ளே ஒட்டிப்போனால் மற்றவையும் சேர்ந்து அழும்.

இவையெல்லாம் வாய் திறந்து அழும் பழுதுகள். வாய் திறவாத பழுது ஒன்று உண்டு. அது என்னை ஏமாற்றிய கதையைச் சொல்கிறேன்.

ஒரு கல் குவாரியில் அகழ்பொறி ஒன்று வேலை செய்துவந்தது. அதன் டீசல் தொட்டி சுமார் 400 லிட்டர் கொள்ளும். மாலையில் பாதிக்கு மேல் நின்ற முள், காலையில் இறங்கியிருந்தது. முதலில் முப்பது நாற்பது லிட்டர். பிறகு ஒரு நாள் 150 லிட்டர். இரவில் பொறியின் அருகே படுத்திருப்பவர் ஓட்டுநர் ஒருவரே. வேறு யார் மேல் ஐயம் விழும்? வயது ஐம்பதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளாக இதே தொழில் செய்பவர். உரிமையாளர் அவருடைய சம்பளத்தை நிறுத்திவைத்தார். ஆயினும் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று என்னை அழைத்தார்.

நான் நண்பகலில் போய்ச் சேர்ந்தேன். அந்தத் தொட்டியின் உணரி எளிமையானது. மிதவை ஒன்று; அதனோடு நகரும் மின்தடை ஒன்று. தொட்டி நிறைந்தால் சுமார் 10 ஓம், வறண்டால் சுமார் 90 ஓம். இணைப்பைக் கழற்றி, மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி அளந்தேன். மல்டிமீட்டர் பத்திலிருந்து தொண்ணூறு வரை தங்குதடையின்றிப் போய்வந்தது. இணைப்பை மீண்டும் மாட்டினேன். முள்ளும் சரியாக நின்றது. பிழைக்குறி ஒன்றும் இல்லை. ‘மெஷின் பொய் சொல்லாது, சார்’ என்றார் உரிமையாளர். நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்று நினைத்தாலும் எனக்கு நாணமாக இருக்கிறது.

புறப்படும்போது ஓட்டுநர் பின்னால் வந்தார். ‘சார், காலையிலிருந்து மத்தியானம் வரை ஓட்டினாலும் முள் இறங்கவே மாட்டேன் என்கிறது. அதையும் பாருங்கள்’ என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும் எஞ்சின், முற்பகல் முழுதும் ஓடியும் மட்டம் இறங்கவில்லை என்றால், தொட்டியில் டீசல் ஊறுகிறதா என்ன? அந்த ஒரு சொல்லிலேயே விடை இருந்தது. வீடு சேர்ந்து, இரவு படுத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

நான்காம் நாள் விடியுமுன் மீண்டும் போனேன். ஓட்டுநர் அதற்குள் வேலையை விட்டு அனுப்பப்பட்டிருந்தார். முள் நான்கில் ஒரு பங்கு என்று காட்டியது. தொட்டியின் வாயில் இருந்த வடிகட்டியை எடுத்துவிட்டுக் கோல் விட்டு அளந்தேன். பாதிக்கு மேல் டீசல் இருந்தது.

இம்முறை நான் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையை உணரியின் எர்த் கம்பியிலும் வைத்தேன். நல்ல கம்பியாயின் அங்கே ஏறத்தாழச் சுழிதான் இருக்கவேண்டும். 0.88 வோல்ட் காட்டியது. அதே முனையை இணைப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினேன், சுழி. ஆகவே கோளாறு அந்த இணைப்புக்குள் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். பெட்டி தன்னுள் இருக்கும் 100 ஓம் தடை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. அன்றைய மட்டத்துக்கு உணரியின் தடை 40 ஓம். இணைப்பில் 30 ஓம் கூடுதலாக நுழைந்தால் மொத்தம் 170. அதில் முப்பதின் மேல் விழும் பங்கு 0.88 வோல்ட். பெட்டியோ நாற்பதையும் முப்பதையும் கூட்டி எழுபது என்று படிக்கிறது. எழுபது ஓம் என்றால் 100 லிட்டர். உள்ளே இருந்ததோ 250. எழுபது என்பது பத்துக்கும் தொண்ணூறுக்கும் இடையிலேயே இருப்பதால், வரப்பைத் தாண்டவில்லை; குறியும் எழவில்லை.

இணைப்பைப் பிரித்தேன். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தைக் காணவில்லை. பொறியைக் கழுவும் நீர் புகுந்து, செம்பின்மேல் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை கூறும் அதே செம்பிற் களிம்புதான். இரவுக் குளிரில் உலோகம் சுருங்கி, பனியின் ஈரமும் ஏறும்போது தொடர்பு தளர்ந்தது. வெயிலிலும் எஞ்சினின் சூட்டிலும் மெல்ல மெல்லத் திரும்பியது. எரிந்து குறையும் டீசலையும் திரும்பிவரும் தொடர்பையும் ஒன்றாகப் பார்த்த முள் அசையாமல் நின்றது. முதல் முறை நான் கழற்றி மாட்டியபோது, முனைகள் உரசிக் களிம்பு சிறிது வழிக்கப்பட்டது. பழுதை ஆராய வந்த நானே அதன் தடயத்தைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்! இடைவிட்டு வரும் பழுதைத் தேடுவோர், கழற்றுவதற்கு முன், ஓடும் சுற்றிலேயே அளந்துவிடவேண்டும் என்பதை நான் கற்றது இப்படித்தான்.

பிறகு உரிமையாளரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். பொறி ஓடிய மணிகளையும், பீப்பாயிலிருந்து ஊற்றிய டீசலையும் ஒவ்வொரு நாளும் எழுதிவைத்திருந்தார். இரண்டு மாதக் கணக்கைப் பெருக்கிக் கூட்டினேன். ஓடிய மணிக்கு எவ்வளவு செலவாகவேண்டுமோ அவ்வளவே ஊற்றியிருந்தார்கள். களவு என்று ஒரு சொட்டும் இல்லை. அந்த ஏடு அவர் மேசையிலேயே கிடந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நிறுத்திவைத்த சம்பளத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். ஓட்டுநர் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் திரும்பி வரவில்லை. இப்போது வேறோர் ஊரில் ஏரி தூர்வாரும் வேலையில் இருக்கிறார். நாள்தோறும் மாலையிலும் காலையிலும் தொட்டியில் கோல் விட்டு அளந்து, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, அங்குள்ள மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிய பிறகே சாவியைத் திருப்புகிறாராம்.