வழக்குரைஞர் அச்சிட்ட பாடல்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரை வலம்வர விரும்பும் அடியவர் குன்றையே வலம்வருதல் வேண்டும். குன்றைக் குடைந்தமைத்த கருவறை. இறைவனையும் மலையையும் பிரித்துச் சுற்ற இயலாது. இவ்வூரிலிருந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் சாலையோ ஒரகடத்தின் வழியே செல்கிறது. இருபுறமும் வாகனத் தொழிற்சாலைகள். அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு வண்டியும் இரும்பாலும் ரப்பராலும் ஆனது என்று நாம் கருதுகிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு. எஞ்சினுக்குக் காப்புரிமை, தோற்றத்திற்கு வடிவமைப்புரிமை, முகப்பில் உள்ள பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு என அவ்வண்டி உரிமைகளின் மூட்டை.

இவ்வுரிமைகள் மோதும்போது வழக்கு பிறக்கிறது. ஓர் எஞ்சின் உருளையில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்தும் முறை யாருடையது என்று பஜாஜ் நிறுவனமும் டி.வி.எஸ். நிறுவனமும் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2007இல் தொடங்கிய வழக்கை இங்குள்ளோர் பலர் அறிந்திருக்கக்கூடும். 2008இல் தனி நீதிபதி தடையாணை வழங்கினார். 2009இல் இருவர் அமர்வு அதனை நீக்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, தாக்கலான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டுமென்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் அறிவுறுத்தியது. நான்கு மாதம்! நம் நாட்டு நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கியோர் இவ்விடத்தில் புன்னகை புரிவதில் வியப்பில்லை. 2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவே அமைந்தது.

கவிஞர்க்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுதல் இயல்பு. தொழிற்சாலைக்காரர் சண்டை என்று நாம் ஒதுங்கிச் செல்கிறோம். ஆயினும் தமிழ்நாட்டில் மூளையுழைப்பின் உடைமை பற்றி எழுந்த வழக்குகளுள் மக்கள் மனத்தை மிகுதியாகக் கலக்கியது எஞ்சினைப் பற்றியதன்று, பாட்டைப் பற்றியது. அப்பாட்டுகளின் அச்சு வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று பார்த்தால், தொடக்கத்தில் நிற்பவரும் ஒரு வழக்குரைஞரே. பெரும் வணிக வழக்கொன்றில் பெயர் பெற்ற மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்.

1863இல் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர் கிருஷ்ணசாமி ஐயர். கும்பகோணத்திலும் சென்னையிலும் கற்று, 1885இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். எடுத்த எடுப்பில் வழக்குகள் வந்து குவியவில்லை. ஆர். பாலாஜி ராவ் என்னும் மூத்த வக்கீலின் துணை கிடைத்த பின்னரே தொழில் வேரூன்றியது. 1891இல் மயிலாப்பூர் வக்கீல்கள் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்னும் தீர்ப்பிதழை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். சட்டத்தைப் பேசிப் பொருளீட்டுவதோடு அமையாமல், தீர்ப்புகளைத் திரட்டி அச்சிட்டு மற்றவர்க்கும் தரவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே இவரிடம் இருந்தது. அச்சின் ஆற்றலை அறிந்த வக்கீல் என்பதனை இவ்விடத்தில் குறித்துக்கொள்வோம்.

1906 அக்டோபர் 22. சென்னைக் கடற்கரையோர வணிகப் பகுதியில் அசைக்க முடியாததென்று கருதப்பட்ட அர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தது. வெள்ளையர் நடத்திய அவ்வணிக நிறுவனம் வங்கித் தொழிலும் செய்துவந்தது. ஓய்வு பெற்ற அலுவலர், கைம்பெண்டிர், கோயில் அறக்கட்டளையினர், சிறு வணிகர் என ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். அரசு வங்கியைவிடக் கூடுதல் வட்டி, வெள்ளைக்காரன் கையில் பணம் பத்திரம் என்னும் நம்பிக்கை, இவ்விரண்டும் சேர்ந்து இழுத்த இழுப்பு அது. அந்நிறுவனத்தின் இலண்டன் பங்காளியாகிய மாக்ஃபேடியன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வணிக வழக்குரைஞரின் தொழில் எத்தகையது என்பதை அறிய இவ்விடம் ஏற்றது. கொலை வழக்கில் சாட்சி பேசுவான். நொடிப்பு வழக்கில் கணக்கேடு பேச வேண்டும். ஏடு தானாகப் பேசாது. எந்த வரவு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்திற்குத் தாவியது, திரும்பாதெனத் தெரிந்த கடன் எத்தனை ஆண்டுகளாகச் சொத்தென எழுதப்பட்டு வந்தது, புதிதாக வந்தவரின் வைப்புத்தொகையைக் கொண்டு பழையவரின் வட்டி எவ்வாறு கட்டப்பட்டது என்பனவற்றை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கண்டு, குறுக்கு விசாரணையில் அக்கணக்கை எழுதியவர் வாயாலேயே சொல்ல வைத்தல் வேண்டும். புலவன் சுவடியில் பாடபேதம் தேடும் பொறுமைக்கு இது சற்றும் குறைந்ததன்று. அன்று சென்னையில் நடைமுறையிலிருந்த நொடிப்புச் சட்டம் 1848ஆம் ஆண்டினது. மாகாணத் தலைநகர்களுக்கான புதிய நொடிப்புச் சட்டம் 1909இல்தான் வந்தது. பழைய சட்டத்தைக் கையிற்கொண்டு, ஆள்வோரின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெருமகனை எதிர்த்து, பணம் இழந்தோர்க்காகக் கிருஷ்ணசாமி ஐயர் வழக்காடினார். குற்றவியல் வழக்கில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

வழக்கோடு அவர் பணி முடிந்திருந்தால் அவர் ஒரு திறமையான வக்கீல், அவ்வளவே. இழந்தவர்க்கு வழக்கால் கிடைப்பது சிறுபங்கே என்பதை அவர் உணர்ந்திருந்தார். இந்தியர் தம் பணத்தைத் தாமே காக்கும் வங்கியொன்று வேண்டுமென்று நகரப் பெருமக்களைக் கூட்டினார்; நகரத்தார் துணை நின்றனர். இந்தியன் வங்கி 1907 மார்ச்சில் பதிவு செய்யப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல் அலுவல் தொடங்கியது. ஒரு வழக்கின் கணக்கேடுகளிலிருந்து ஒரு வங்கி பிறந்தது.

அதே 1907. தமிழிலக்கிய வரலாற்றில் அவர் இடம் பெறுவதும் அவ்வாண்டிலேதான்.

அரசியலில் கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. சுப்பிரமணிய பாரதியோ தீவிரவாத அணியினர். 'இந்தியா' இதழில் மிதவாதிகளை எள்ளி நகையாடியவர். அவ்வாண்டு டிசம்பரில் சூரத் காங்கிரஸில் இவ்விரு அணியினரும் நேருக்கு நேர் மோதிப் பிரிந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு முன் நிகழ்ந்தது எத்துணை அரியது என்பது விளங்கும். பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் பாரதியைக் கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். பாடல்களைக் கேட்ட ஐயர் உருகினார். முன்கோபத்திற்குப் பெயர் போன அவ்வக்கீல் தம் செலவில் மூன்று பாடல்களை நான்கு பக்கச் சிறு வெளியீடாக அச்சிட்டு, பதினையாயிரம் படிகளை இலவசமாக வழங்கச் செய்தார். பதினையாயிரம் என்னும் எண்ணை இங்குள்ள கவிஞர்கள் ஒருமுறை தம் முதல் தொகுப்பின் அச்சு எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தல் நலம்.

அச்சுச் செலவை ஏற்றதனால் பாடல்கள் தமக்குரியன என்று அவர் கருதினாரல்லர். அடுத்த ஆண்டே, 1908இல், பாரதி அப்பாடல்களைத் தம் 'ஸ்வதேச கீதங்கள்' தொகுப்பில் தாமே வெளியிட்டார். கிருஷ்ணசாமி ஐயர் 1909இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911இல் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் தம் 48ஆம் வயதில் மறைந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டப வளாகத்தில் அவர் சிலை இருக்கிறது. அதே கடற்கரைச் சாலையில் 1968இல் பாரதியின் சிலை நிறுவப்பட்டது. அவ்வழிச் செல்லும் தமிழ் மாணவர்களுள் இரு சிலைகளையும் இணைத்து எண்ணுவோர் மிகச் சிலரே.

1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். அன்றைய சட்டம் 1914ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் ஐம்பது ஆண்டும் உரிமை நிற்கும். ஆகவே பாரதியின் பாடல்கள் 1971 வரை யாரேனும் ஒருவருடைய உடைமை. அந்த 'யாரேனும் ஒருவர்' யார் என்பதே பின்னர் எழுந்த பெருங்கேள்வி. வறுமையிற் கிடந்த செல்லம்மாள் பாரதி தாமே ஆசிரமம் ஒன்றை அமைத்துக் கணவரின் நூல்களை வெளியிட முயன்றார். அம்முயற்சி நெடுநாள் செல்லவில்லை. பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் உறவினரும் பாரதி பிரசுராலயத்தை நடத்தினர். 1931இல் செல்லம்மாள் உரிமையை விசுவநாதனுக்கு விற்றார்.

பதிப்புரிமை என்பது ஒரு பொருளன்று. அச்சிடும் உரிமை வேறு, இசைத்தட்டில் பதியும் உரிமை வேறு, ஒலிபரப்பும் உரிமை வேறு, திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை வேறு. ஒரு மாமரத்தின் காயை ஒருவர்க்கும் நிழலை இன்னொருவர்க்கும் குத்தகைக்கு விடலாம் என்பது போன்றது இது. 1930களில் பாரதி பாடல்களின் ஒலியுரிமை தனியே பிரிந்து, ஜேஷிங்லால் மேத்தா என்னும் வணிகரிடம் சென்றது. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி தமிழகத் தெருவெங்கும் ஒலித்தார்.

இந்நிலையில் டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைப் பயன்படுத்தினர். உரிமையாளரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. விவகாரம் நீதிமன்றத்தை நாடியது.

உணர்ச்சியை ஒதுக்கி, வழக்காடும் வக்கீலின் இடத்தில் நின்று இதனைப் பார்த்தல் வேண்டும். செட்டியாரின் பக்கம் பத்திரம் இருந்தது; பணம் கொடுத்து வாங்கிய உரிமை இருந்தது. சட்டப்படி அவர் நிலை வலுவானது. 'மகாகவியின் பாட்டு மக்கள் உடைமை' என்னும் எதிர்வாதத்திற்கு 1914ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே இல்லை. எத்துணைச் சிறந்த வக்கீலாலும் அச்சட்டத்திலிருந்து அப்படியொரு பிரிவைக் கறந்தெடுத்திருக்க முடியாது. விசுவநாதனையோ செட்டியாரையோ வில்லன்களாக்கிப் பேசுவது நம் மேடைகளில் ஒரு வழக்கம். அது நியாயமன்று. ஒருவர் பாடல்கள் அழியாமல் அச்சில் காத்தார். மற்றவர் எழுத்தறியாத மக்களின் செவிக்கும் அவற்றைக் கொண்டு சேர்த்தார். குறை, பாட்டை முழுதும் வணிகச் சரக்காக மட்டுமே கண்ட சட்டத்தில் இருந்தது.

ஆகவே போர் நீதிமன்றத்திற்கு வெளியே நடந்தது. பாரதி விடுதலைக் கழகம் 1948இல் தோன்றியது. நாரண துரைக்கண்ணன், வ.ரா., திருலோக சீதாராம், டி.கே. சண்முகம் முதலியோர் முன்னின்றனர். திருநெல்வேலியில் இருந்த செல்லம்மாளை நேரிற் கண்டு அவர் இசைவையும் பெற்றனர். பாட்டை எழுதியவரின் மனைவிக்கு அன்று அப்பாட்டின்மேல் சட்டப்படி ஏதும் இல்லை. ஆயினும் அவர் கையொப்பத்தை நாடிச் சென்றனர். சட்டம் மறந்ததை எழுத்தாளர்கள் மறக்கவில்லை என்பதற்கு அப்பயணமே சான்று. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையைப் பெற்றது. விசுவநாதனுக்குப் பதினையாயிரம் ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு பெண்மக்களுக்கும் தலைக்கு ஐயாயிரமும் வழங்கப்பட்டன. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலையின்றியே விட்டுக்கொடுத்தார். பின்னர் பாடல்கள் எல்லார்க்கும் பொதுவாயின.

பொதுவானதன் பயனும் கேடும் ஒருங்கே விளைந்தன. மலிவுப் பதிப்புகள் பெருகின. பிழைகளும் அவற்றோடு பெருகின. சீர் குலைந்த அடிகளைப் பாரதியின் அடிகளென்றே மனப்பாடம் செய்த தலைமுறைகள் உண்டு. சீனி. விசுவநாதன் போன்றோர் காலவரிசைப்படுத்திச் செம்பதிப்புக் காண உழைத்த உழைப்பு இங்கு நன்றியோடு நினைக்கத்தக்கது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கிய மரபும் அன்றைய நிகழ்ச்சியின் வழிவந்ததே.

இனி, இங்கு அமர்ந்திருக்கும் கவிஞர்களின் நிலைமை. இன்றைய சட்டம் 1957ஆம் ஆண்டினது. உரிமைக்காலம் இப்போது மறைவுக்குப்பின் அறுபது ஆண்டு. உரிமையை மாற்றித்தருதல் எழுத்தில், கையொப்பத்தோடு அமைய வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறுவிதமாகக் குறித்திருந்தாலன்றி, அவ்வுரிமை அற்றுப்போகும். விற்ற பின்னரும், தம் படைப்பு தம்முடையதெனச் சொல்லும் உரிமையும், அதனைச் சிதைத்துத் தம் பெயருக்கு இழுக்குண்டாக்கினால் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவால் ஆசிரியரிடமே நிற்கின்றன. திரைப்பாடல் எழுதுவோர், திரையரங்குக்கு வெளியே அப்பாடல் ஈட்டும் உரிமத்தொகையில் தமக்குள்ள பங்கை, தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவர்க்கும் எழுதிக்கொடுக்க இயலாதென்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளிக்கிறது.

செல்லம்மாளுக்கு இவற்றுள் ஒன்றும் இருந்ததில்லை. இவ்வட்டத்தின் மேடையில் பத்தாண்டுகளாக அரங்கேறிய கவிதைகளுள் பல தொகுப்புகளாயின. சில இசைத்தட்டிலும் ஏறின. அவற்றுள் எத்தனைக்கு ஒரு தாளேனும் எழுதப்பட்டது? எழுதப்பட்ட தாளில் அச்சுரிமை மட்டும் உள்ளதா, ஒலியும் ஒளியும் சேர்த்தே போய்விட்டனவா? இன்று மாலை வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.