நல்ல தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் இருவகைப்படும். ஒன்று நல்ல தண்ணீர். மற்றையது உவர்த் தண்ணீர். காணி வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது கிணற்றைத்தான். வாளியில் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பே அங்கே இறுதித் தீர்ப்பு. நாவில் உப்புக் கரியாவிட்டால் அது நல்ல தண்ணீர். இவ்வளவுகோல் தலைமுறை தலைமுறையாகக் குடாநாட்டு மக்களுக்குப் பயன்பட்டு வந்தது உண்மையே. ஆயினும் யாழ் நகரின் இன்றைய குடிநீரைப் பொறுத்தவரையில் நாவின் சாட்சியம் போதுமா என்பது ஆராயத்தக்கது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர்பெற்றதும் மாரி வெள்ளத்தைக் கடலிற் சேர்த்துவிட்டு ஓய்ந்துவிடுவதே. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழை நிலத்துள் இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தேங்குகின்றது. ஆண்டு முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்த ஒரே சேமிப்பிலிருந்துதான். அச்சேமிப்புக்கு அடியில் இருப்பதோ கடல் நீர். நன்னீர் கனம் குறைந்தது. உவர் நீர் கனம் கூடியது. ஆகையால் நன்னீர் உவர் நீரின்மீது, பாலின்மேல் ஆடை படர்ந்தாற்போல, மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இவ்வுண்மையை நேரே காணலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர் நீர்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். அதையே மாற்றிப் பார்த்தால் அச்சம் விளங்கும்: மேல் மட்டம் நிலையாக 1 அடி தாழுமாயின், அடியிலுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி மேலெழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இறைப்பு இயந்திரத்துக்குக் களைப்பு ஏது?

உவர் ஏறினாலும் நா காட்டிக் கொடுக்கும். அந்த மட்டில் நன்று. நா அறியாதவற்றைப் பற்றியே கவலை மிகுதி. மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிந்து ஓரளவு தூய்மையடைகின்றது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லோ வடிகட்டியாக அமைவதில்லை, அது வாய்க்கால். மேலே ஊற்றியது சிறிது காலத்துள் கீழே சேர்ந்துவிடும். அயல் வளவுக் கிணற்றிலும் தோன்றும்.

சுன்னாகம் இதற்குச் சான்று. அங்கே மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய ஊர்களில் கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கின்றது என்ற முறைப்பாடு 2013ஆம் ஆண்டையொட்டி எழுந்து வலுத்தது. மக்கள் போராடினர், வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட கிணறுகளுக்காக 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு மணத்தது. ஆகவே ஊர் எழுந்தது.

நைத்திரேற்று என்னும் உப்புக்கு நிறமில்லை, மணமில்லை, தண்ணீரில் இருக்கும் அளவில் சுவையுமில்லை. அதற்காக எந்த ஊரும் எழுந்ததில்லை. ஒரு லீற்றர் நீரில் இது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எடுத்துக் காட்டி வருகின்றனர். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என நீளும் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடப்படும் யூரியாவில் ஒரு பங்கைப் பயிர் உண்கின்றது. எஞ்சியதை அடுத்தடுத்த இறைப்பு நீர் கீழே கொண்டு செல்கின்றது. கோண்டாவில், திருநெல்வேலிப் பகுதிக் கிணறுகளிலிருந்து நெடுங்காலம் நகருக்கு நீர் வழங்கப்பட்டதை நினைத்தால், தோட்டத்து உரத்துக்கும் நகரத்துக் குவளைக்கும் உள்ள தொடர்பு புலனாகும்.

பெரியவர்கள் உடல் இதனை ஓரளவு தாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை தாங்காது. குழந்தையின் வயிற்றில் இது வேறு வடிவடைந்து, குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. உடல் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தைக்கு இவ்வச்சம் இல்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் தீரும் என்று நம்புகிற தாய்மார் பலர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது செய்யவேண்டியதே. நைத்திரேற்றோ சாவதற்கு உயிருள்ள பொருளன்று. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

கிருமியின் கதையும் சிறிதன்று. நகரில் கழிவுநீரைத் திரட்டிச் செல்லும் பொது நிலக்கீழ்க் குழாய் அமைப்பு இல்லாமையால், வளவுதோறும் கிணறு இருப்பதுபோல் வளவுதோறும் மலசலகூடக் குழியும் உண்டு. இரண்டுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவர். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கட்டி, அயலவன் குழிக்கும் விலகி, அந்த 50 அடியை எங்கே தேடுவது? மாரியில் நீர்மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொடும் நாட்களில் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் தலைகாட்டுவதில் வியப்பில்லை. வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுவது நல்ல வழக்கம். பங்குக் கிணறுகளில் அதை யார் செய்வது என்பதே பெரும்பாலும் தகராறு.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அவர்களுடைய நெல்லுக்கு அக்குளமே ஆதாரம். அந்த அச்சத்தைத் தன்னலம் என்று ஒதுக்குதல் நீதியாகாது. முடிவில் கடலையே நாட வேண்டியதாயிற்று. வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அழுத்தத்தால் கடல் நீரை நுண்ணிய சவ்வினூடு செலுத்தி உப்பைப் பிரிக்கும் இம்முறைக்கு மின்சாரம் பெருமளவு வேண்டும். ஆகவே இந்நீர் மலிவானதன்று.

குழாய் வந்தால் கிணற்றைப் பற்றிய கவலை ஒழியும் என்று கருதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் நீர் மிகுதியாக வந்தால் வீட்டிலிருந்து கழிவுநீரும் மிகுதியாக வெளியேறும். அதைக் கொண்டு செல்ல நிலக்கீழ்க் குழாய் இல்லாதவரையில் அதுவும் அதே குழிக்கும் அதே பாறைக்குமே போகும். குழாய் எட்டாத வீடுகளும், குழாய் நின்றுபோகும் நாளில் எல்லா வீடுகளும், கிணற்றையே நாடும்.

கிணற்று நீரைச் சோதிப்பிக்க விரும்புவோர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தை நாடலாம். ஒரு முறை சோதித்தல் போதாது. மாரி ஓய்ந்த தை மாதத்திலும், கோடை முற்றிய ஆவணி மாதத்திலும் தனித்தனியே மாதிரி எடுத்தல் வேண்டும். ஒரே கிணறு இவ்விரு காலங்களிலும் ஒரே நீரைத் தருவதில்லை. கிருமிச் சோதனைக்குரிய போத்தலை அங்கேயே கேட்டுப் பெறுதல் நன்று. வீட்டுப் போத்தலில் எடுத்துச் சென்றால் சோதிக்கப்படுவது கிணறா போத்தலா என்ற ஐயம் எழும். நைத்திரேற்றின் அளவையும் பார்க்குமாறு தனியே கேட்டுக்கொள்ளவேண்டும், சிறப்பாக வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால்.