ஆழிப்பேரலைக்குப் பின் நிக்கோபார்: மனவடுவும் மருத்துவமும் நிர்வாகமும்

(அரசு அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேரிடர் பற்றிய அரசு அறிக்கை எதை எடுத்தாலும் முதலில் நம் கண்ணில் படுவன எண்களே. 2004 டிசம்பர் 26 அன்று காலையில் சுமத்திராவையொட்டிய கடலடியில் எழுந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,500 பேருக்கு மேற்பட்டோரை இறந்தோர், காணாமற் போனோர் என்னும் இரு பட்டியல்களில் சேர்த்துவிட்டன. நாட்டின் தென்கோடியாகிய இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் நீருக்குள் நின்றது. டிரிங்கெட் தீவு துண்டுகளாகப் பிளந்தது. நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள் தொகை 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 42,068, 2011இல் 36,842. இவையெல்லாம் எண்ணக் கூடியவை. பிழைத்தவர் உள்ளத்தில் நேர்ந்த சேதத்திற்கு மட்டும் நமது படிவங்களில் ஒரு பத்தி இல்லை.

பொருளாதாரம் பயின்ற ஒருவர் உளநோய் மருத்துவம் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று நீங்கள் கேட்கலாம். பேரலையில் மனம் சிதைந்த ஒருவர் தகரக் கொட்டகையில் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், எந்த ஊரில் வாழ வேண்டும், காணாமற்போன மகனுக்கு எப்போது சான்றிதழ் பெறுவார் என்பவற்றை மருத்துவர் முடிவு செய்வதில்லை. நம்மைப் போன்றோரின் மேசையில் அவை முடிவாகின்றன. மனவடு மருத்துவத்தின் முதற் கட்டம் பெரும்பாலும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது என்பதே நான் இங்கு நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நினைவு, உணர்ச்சி, உடலியக்கம், ‘நான் இன்னார்’ என்னும் அறிவு ஆகிய நான்கும் இயல்பாக ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன. தாங்க முடியாத அச்சம் வந்து, தப்பிக்கவும் வழியில்லாதபோது, இந்த இணைப்புத் தளர்ந்துவிடக் கூடும். உடல் அங்கே இருக்கும், மனம் அங்கிருந்து அகன்றுவிடும். ‘கல்லாய்ச் சமைந்துவிட்டாள்’, ‘பிரமை பிடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறான்’ என்று நம் ஊர்களில் சொல்வது இந்நிலைக்கு மிக நெருங்கிய வருணனை. ஆபத்து வேளையில் இது ஒரு காப்பு. ஆபத்து நீங்கிய பின்னும் அந்த அகலல் நிலைத்துவிட்டால், அல்லது சிறு தூண்டுதலுக்கும் திரும்பத் திரும்ப வந்தால், அதனை ‘டிஸோசியேட்டிவ் டிஸார்டர்’ என்கின்றனர் மருத்துவர். இவ்வுரையில் ‘விலகல் நோய்’ என்று குறிப்பிடுவேன்.

இதனை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடி பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானே. அவருடைய முதல் பெருநூல் 1889இல் வெளிவந்தது. பின்னர் நெடுங்காலம் இத்துறை மங்கிக் கிடந்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இடம்பெற்ற பின்னரே மீண்டும் கவனம் பெற்றது. 1992இல் ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க உளமருத்துவர், ஒரே ஓர் அதிர்ச்சியால் வரும் நோய்க்கும், நீண்ட காலம் தப்ப வழியின்றித் திரும்பத் திரும்ப நேரும் கொடுமையால் வரும் நோய்க்கும் வேறுபாடு உண்டென்று வற்புறுத்தினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டில் இந்த இரண்டாம் வகை தனி நோயாக ஏற்கப்பட்டது. அதே வகைப்பாட்டில், ‘பிறிதோர் ஆவி தன்னை ஆட்கொண்டதாக’ உணரும் நிலையும், அது சமயச் சடங்கின் பகுதியாக இல்லாமல் துன்பம் தருவதாக இருக்குமாயின், நோயாகக் கொள்ளப்படுகிறது. கோயிலில் சாமியாடுபவர் நோயாளி அல்லர் என்று உலக அமைப்பே எழுதி வைத்திருப்பதை நம்மவர் அறிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் விலகல் நோய் திரைப்படங்களில் வருவதுபோல் ஒருவருக்குள் பல மனிதராகத் தோன்றுவது குறைவு. மயங்கி விழுதல், வலிப்புப் போன்ற துடிப்பு, திடீரென்று பேச்சு நின்றுபோதல், கை கால் இயங்காமை, ஆவி புகுந்ததாகப் பேசுதல் ஆகிய வடிவங்களிலேயே பெரிதும் வருகிறது. போலி வலிப்பு என்று கருதி நோயாளியை ஏசுவதும், உண்மை வலிப்பு என்று கருதி ஆண்டுக் கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பதும் ஒருசேர நடக்கின்றன. நோயாளி நடிக்கவில்லை, அதே வேளையில் அவருக்கு வலிப்பு நோயும் இல்லை. மருந்தகத்தின் அவசரத்தில் இவ்விரண்டையும் ஒன்றாக மனத்தில் நிறுத்துவது எளிதன்று. கட்டிப் போடுவது எங்கே கொண்டு விடும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நேர்ந்த தீவிபத்தே போதும். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி அதில் மாண்டனர்.

இனி, மருத்துவத்திற்கு வருவோம். சிக்கலான மனவடு உடையோருக்குச் சிகிச்சை மூன்று கட்டமாக நடைபெற வேண்டும் என்பது ஜானே காலத்திலேயே கூறப்பட்டு, ஹெர்மன் அவர்களால் தெளிவாக்கப்பட்டது. முதற் கட்டம் பாதுகாப்பு. உறக்கம், உணவு, அச்சமற்ற இருப்பிடம், நாள்தோறும் மாறாத ஒழுங்கு, நம்பத்தக்க ஒரே ஆள் ஆகியவை இதில் அடங்கும். மனம் அகலத் தொடங்கும்போது அதனை இங்கே, இப்போது என்று மீட்டுக் கொணரும் எளிய பயிற்சிகளும் உண்டு. கால் தரையில் படுவதை உணர்தல், கண்ணெதிரே உள்ள ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லுதல், குளிர்ந்த நீரைக் கையில் ஏந்துதல் போன்றவை அவை. இவற்றை ஒரு துணைச் செவிலியர் கற்றுக்கொள்ளலாம். கற்றுக் கொடுக்கவும் செய்யலாம். இரண்டாம் கட்டத்தில் நடந்ததைச் சிறிது சிறிதாக நினைவுகூர்ந்து துக்கம் காத்தல். இது பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரின் பணி. மூன்றாவது, குடும்பத்தோடும் தொழிலோடும் ஊரோடும் மீண்டும் இணைதல்.

முதற் கட்டம் முடியுமுன் இரண்டாவதைத் தொடங்கினால் நோய் முற்றும். பேரிடர்ப் பகுதிகளில் நல்லெண்ணத்தோடு வரும் குழுக்கள் ஒவ்வொன்றும் ‘என்ன நடந்தது, சொல்’ என்று கேட்பதும், குழந்தைகளை அலையை வரையச் சொல்வதும், மறுநாள் கப்பலேறிப் போவதும் இந்தத் தவறே. நிகழ்ந்ததை உடனே ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்தியிருக்கிறது. உதவித் தொகைக்காக ஒரு விதவை ஐந்து அலுவலகங்களில் ஐந்து முறை கணவன் இறந்த கதையைச் சொல்ல வேண்டியிருப்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அதற்கு நாம் ‘சரிபார்ப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நிக்கோபாரில் என்ன நடந்தது? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர்கள் தொடக்க வாரங்களிலேயே தீவுகளுக்குச் சென்று சிகிச்சை அளித்தனர். ஆசிரியர்களையும் ஊர் இளைஞர்களையும் பயிற்றுவித்தனர். அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இடம்பெயர்ந்தோரிடையே மனநோய் 5.2 விழுக்காடு, இடம்பெயராதோரிடையே 2.8 விழுக்காடு. மொத்தத்தில் எதிர்பார்த்ததினும் இது குறைவு. கூட்டாக வாழ்ந்ததும் கூட்டாகத் துக்கம் காத்ததும் அம்மக்களைத் தாங்கின என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். தொடக்க மாதங்களின் கணக்கு இது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எனக்கு முதன்மையாகப் படுவது அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி. பேரலை இரு சாராரையும் அச்சுறுத்தியது. வீட்டையும் ஊரையும் இழந்து முகாமுக்கு வந்தவர்களிடம் நோய் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

நிக்கோபாரி மக்களின் வாழ்வில் ‘துஹேத்’ என்னும் பெருங்கூட்டுக் குடும்பமே அடிப்படை. நிலமும் தென்னையும் பன்றியும் அதற்கு உரியவை. தனியொருவனுக்கு உரியவை அல்ல. நோயுற்றவர், முதியவர், மனம் தளர்ந்தவர் எல்லோருக்கும் காப்பீட்டுக் கழகமும் மருத்துவமனையும் அதுவேதான் என்றால் மிகையாகாது. நிவாரணம் வந்தபோது நமது விதிகள் கணவன், மனைவி, பிள்ளைகள் என்னும் சிறு குடும்பத்தை அலகாகக் கொண்டன. காசோலையும் வீடும் அவ்வாறே பகிரப்பட்டன. கொப்பரையே முதன்மை வருவாயாக இருந்த இடத்தில் தென்னைகள் அழிந்து, புதுக்கன்று பலன் தர ஆறேழு ஆண்டுகளேனும் ஆகும் நிலையில், கையில் ரொக்கமும் செய்வதற்கு வேலையின்மையும் ஒருங்கே வந்தன. மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சியும் மதுவும் அந்த வெற்றிடத்தில் புகுந்ததைப் பலர் பதிவு செய்திருக்கின்றனர். பணம் கொடுத்தது குற்றமன்று. அதை எந்த அலகுக்குக் கொடுப்பது என்று ஊர்க் கேப்டன்களையும் பழங்குடி மன்றத்தையும் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.

இறந்தவர் எலும்பை மீண்டும் எடுத்துப் போற்றி விழாக் கொண்டாடும் மரபுடையவர்கள் நிக்கோபாரிகள். உடலே கிடைக்காதபோது இறுதிக் கடன் எவ்வாறு முடியும்? காணாமற் போனவரைப் பற்றிய துயரத்தை ‘முடிவறியா இழப்பு’ என்னும் பொருள்படும் பெயரால் 1970களில் விளக்கினார் பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர். இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. மனம் ஓரிடத்தில் நின்றுவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. நமது சாட்சியச் சட்டப்படி காணாமற் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு ஆக வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, உரிய விசாரணையின் பேரில் சான்றிதழ் அளிக்க அரசு வழி செய்தது. வாரிசுரிமைக்காகவும் உதவித் தொகைக்காகவும் செய்த இந்த ஏற்பாடு, துக்கத்திற்கு ஒரு தொடக்க நாளையும் குறித்துக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

சௌரா தீவு மக்கள் தெரசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர்த் தம் சிறு தீவுக்கே திரும்பினர். குடிநீருக்கும் கப்பலுக்கும் அங்கே இடர்ப்பாடு உண்டு என்று அலுவலர் தயங்கியதில் நியாயம் இருந்தது. அவர்கள் திரும்பியதிலும் நியாயம் இருந்தது. தப்ப வழியில்லாமையே மனவடுவின் வேர் என்றால், எங்கே வாழ்வது என்று தாமே தீர்மானிப்பது அதற்கு மருந்தின் ஒரு பகுதியாகும். பெரிய நிக்கோபாரின் மேற்கு, தெற்குக் கரைகளிலிருந்து காம்ப்பெல் விரிகுடாப் பகுதிக்குக் கொணரப்பட்ட நிக்கோபாரிகள், மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று இருபதாண்டு கடந்தும் கேட்டு வருகின்றனர். அத்தீவுக்கென வகுக்கப்படும் பெருந்திட்டங்களின் கோப்பில் இந்த வேண்டுகையையும் மருத்துவக் கண்ணோடு படிக்க வேண்டும்.

தமிழ் கேட்போர் இங்குப் பலர் இருப்பதால் கச்சால் தீவைப் பற்றியும் கூற வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின் கீழ் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பிறந்த மண்ணில் குடியுரிமை இழந்து, கண்டறியாத தீவில் மீண்டும் வாழ்வு தொடங்கிய அவர்களை 2004இல் கடல் கண்டது. அந்தமான் நிக்கோபாரில் பேரலை மிகக் கொடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சால் ஒன்று. இத்தகையோரிடம் ‘சுனாமியால் என்ன பாதிப்பு’ என்று மட்டும் கேட்கும் படிவம் அவர்கள் துயரத்தில் ஒரு மூலையைத்தான் தொடும். வீட்டுக்குள் நிகழும் வன்முறை, குடிப்பழக்கம், சிறுவயதில் நேர்ந்த கொடுமை ஆகியன பேரிடருக்கு முன்னரே இருந்து, அதன் பின் பெருகுவன. முகாமில் மயங்கி விழும் சிறுமிக்கு நோய்க் காரணம் கடலாக இல்லாமலும் இருக்கலாம். மருத்துவரும் ஆசிரியரும் அதைக் கேட்கத் துணிய வேண்டும். தனியே, அவள் அஞ்சாத ஒருவர் மூலமாக.

இன்றைய ஏற்பாடுகள் 2004ஐவிட மேலானவை. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உளச் சமூக ஆதரவுக்குத் தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் தொடங்கியது. ஆயினும் 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களிலேயே நடைபெற்றது. இத்தீவுகள் அதில் இடம்பெறவில்லை. இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பெரிய நிக்கோபார் அதைப்போல் இரு மடங்கு. மனவடுச் சிகிச்சைக்கோ வாரம் ஒரு முறை, மாதக் கணக்கில், அதே மருத்துவரைக் காண வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது.

ஆகவே சிறப்பு மருத்துவரைத் தீவுதோறும் அமர்த்தும் கனவை விடுத்து, முதற் கட்டத்தை ஊரிலேயே செய்யத் தக்கவர்களை நிலையாக வைத்திருப்பதே செலவுக்கும் பயனுக்கும் ஏற்றது. உள்ளூர் மொழி பேசும் துணைச் செவிலியர், ஆஷா பணியாளர், ஆசிரியர் ஆகியோருக்கு ஆண்டுதோறும் பயிற்சியும், மாதம் ஒரு முறை தொலைபேசியில் உளமருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும். துடிப்போ மயக்கமோ வருவோரை வலிப்பு நோயிலிருந்து பிரித்தறிய ஒரு முறையேனும் தலைநகர் மருத்துவமனைக்கு அனுப்பி, துணைக்கு வருபவரின் கப்பல் கட்டணத்தையும் தங்குமிடச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். இரண்டாம் கட்டச் சிகிச்சையைத் தொடங்குமுன், அது முடியும் வரை அந்த உளவியலாளருக்கு மாறுதல் ஆணை வாராது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குப் புதிய நிதி தேவையில்லை. பணியாளர் பிரிவில் ஒரு குறிப்பு எழுதினால் போதும்.